கூரையை அப்புறம் பேசலாம், முதலில் தரை

வியாசர்பாடியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களே பெரிய பெரிய உள்ளரங்கம் வைத்திருக்கின்றன. ஒரு நாள் கூடைப்பந்து, மறுநாள் கச்சேரி. அதுபோல 8,000 பேர் உட்காரும் அரங்கம் ஒன்றை வடசென்னையில் ஒரு பல்கலைக்கழகம் கட்டவே முடியாதா? மேட்ச் பார்க்கப் பெரியமேடு, கச்சேரி கேட்க நந்தனம் என்று நாங்கள்தான் எப்போதும் அலையணுமா?"

முடியும் தம்பி. ஆனால் 8,000 வேண்டாம், 4,500 போதும் என்பேன். பள்ளம் தோண்டிக் கட்டக் கூடாது என்பேன். செங்கல் வைப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கணும் என்பேன். அது என்ன காகிதம் என்று பின்னால் சொல்கிறேன். நான் கொருக்குப்பேட்டைக்காரன். பள்ளியில் வாலிபால் ஆடினேன். அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேலாக மேடை கட்டுவது, ஸ்பீக்கர் தூக்குவது என்று பிழைப்பு. தரையில் விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்டதும் உண்டு, கூரையில் ஏறிச் சங்கிலி மாட்டியதும் உண்டு. இந்த இரண்டு வேலைக்கும் ஒரே கட்டடம் எப்படி ஒத்துவரும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

முதலில், அங்கே ஏன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு அரங்கம் என்று இருக்கிறது? பனிதான் காரணம். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததே, வெளியே விளையாட முடியாத குளிர்காலத்தில் பையன்களைச் சும்மா விடக் கூடாது என்பதற்காகத்தான். நான்கு வருடம் கழித்து, 1895-இல், இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபால் பிறந்தது. நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய சீடர் ஃபாக் ஆலன் பெயரில் அங்கே 1955-இல் கட்டிய அரங்கத்தில் இன்றைக்கும் 15,000 பேருக்கு மேல் உட்காருகிறார்கள். விளையாட்டு பிறந்ததே கூரைக்குக் கீழே. கூரை இருந்ததால் பட்டமளிப்பு விழா, கச்சேரி, தேர்தல் கூட்டம் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன.

அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் அந்த ஆட்டங்கள் நம் ஊருக்கும் வந்தன. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரிதான் இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. இங்கே பனி கிடையாது. அதனால் ஆட்டம் மண்ணுக்கும் சிமெண்ட் தரைக்கும் வந்துவிட்டது, கூரை அங்கேயே நின்றுவிட்டது. வேடிக்கையைப் பார், இன்று சென்னையில் பெரிய திறந்தவெளிக் கச்சேரி என்றால் எல்லோர் வாயிலும் வருவது அந்த நந்தனம் மைதானம்தான். விளையாட்டு வாத்தியார்களை உருவாக்கின கல்லூரியின் மைதானத்தில் லாரி ஏறுகிறது, கம்பம் நடுகிறார்கள். நானும் நட்டிருக்கிறேன். நீ கேட்கிற "விளையாட்டும் கச்சேரியும் ஒரே இடத்தில்" ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. கூரையும் தரையும் மட்டும் இல்லை.

அமெரிக்க உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2022 ஏப்ரலில் திறந்த 'மூடி சென்டர்' (Moody Center) என்ற அரங்கம். 1977-இல் திறந்த எர்வின் சென்டர் என்ற பழைய அரங்கத்துக்குப் பதிலாக வந்தது. செலவு 30 கோடி டாலருக்கு மேல். ஆனால் கட்டுமானப் பணத்தைப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போடவில்லை. நிலம் அவர்களுடையது, கட்டியதும் நடத்துவதும் ஓக் வியூ குரூப், லைவ் நேஷன் போன்ற அரங்க, கச்சேரி நிறுவனங்கள். கூடைப்பந்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் இருக்கை, மேல் அடுக்கைத் திரை போட்டு மறைத்துவிடுவார்கள். கச்சேரி என்றால் திரையைத் திறந்து 15,000 பேருக்கு மேல் ஏற்றலாம். எந்தத் தேவைக்காக அந்தக் கட்டடம் அவ்வளவு பெரிதானது என்பதை அந்தத் திரையே சொல்லிவிடும்: விளையாட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை, கச்சேரிக்கு வேண்டும். (அந்த டெண்டரில் ஓக் வியூ குரூப்பின் தலைமை அதிகாரி போட்டி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார் என்று 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வழக்கே போட்டது, இரண்டு நிறுவனங்களும் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. டெண்டர் என்றால் எல்லா ஊரிலும் டெண்டர்தான்.)

நமக்கு ஆஸ்டினைவிட அயோவாதான் நல்ல பாடம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹில்டன் கொலீசியம், 1971-இல் திறந்தது, 14,000 பேருக்கு மேல் உட்காரலாம். கூடைப்பந்து, மல்யுத்தம், கச்சேரி எல்லாம் உண்டு. கிண்ணம் மாதிரி வடிவம்: ஆடுதளம் கீழே, இருக்கைகள் சுற்றிலும் மேலே ஏறும். பார்க்க அழகு. ஆனால் இருப்பது ஆற்றுப்படுகை ஓரம். 1993 வெள்ளத்தில் அந்தக் கிண்ணத்துக்குள் ஏறத்தாழ 14 அடி தண்ணீர் நின்றது. 2010-இல் மறுபடியும் வெள்ளம் உள்ளே புகுந்தது.

இப்போது நம் வரைபடத்தைப் பார். பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு. மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை எப்படி இருக்கும் என்று வியாசர்பாடியில் இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் ஒரு வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு இன்னொரு வெள்ளம். மிக்ஜாமின்போது மணலி, எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுச் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போனது. இந்த ஊரில் இருக்கைகளைச் சுலபமாக அடுக்கலாம் என்பதற்காகப் பள்ளம் தோண்டி ஆடுதளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே வைக்கிறவன் கட்டடம் கட்டவில்லை, குளம் வெட்டுகிறான்.

அதனால் என் முதல் நிபந்தனை, ஆடுதளம் சாலைமட்டத்துக்கு மேலே, ஒரு மாடி உயரத்தில். கீழே தூண்கள் மட்டும்: வண்டி நிறுத்தம், மழை வந்தால் தண்ணீர் வந்துவிட்டுப் போகட்டும். ஜெனரேட்டரும் மின்பலகையும் மேலே. லாரி ஏறச் சாய்தளம் வேண்டும், செலவு கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படிக் கட்டினால் வெள்ள நாளில் அதே இடம் ஊருக்கு நிழல். 2005-இல் கத்ரீனா புயல் அடித்தபோது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட் மராவிச் அரங்கம் அப்படித்தான் ராவோடு ராவாக மருத்துவமனை ஆனது. கூடைப்பந்துக் கோர்ட்டில் கட்டில் போட்டு நோயாளிகளைப் பார்த்தார்கள். நம் ஊரில் மழைக்காலம் வந்தால் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிப் பாய் விரிக்கிறோம். நாலாயிரம் பேருக்குக் கழிப்பறை உள்ள கட்டடம் ஒன்று மேட்டில் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்கே அரசிடம் பணம் கேட்கலாம்.

சரி, தரை. விளையாட்டுக்காரனுக்கு அரங்கம் என்றால் தரைதான், மற்றதெல்லாம் அவனுக்கு அலங்காரம். நல்ல கோர்ட் என்பது சிமெண்ட் மேல் ஒட்டிய பலகை இல்லை. கீழே ரப்பர் திண்டு, அதன் மேல் சட்டம், அதன் மேல் ஒட்டுப்பலகை, மேலே மேப்பிள் மரம். குதித்து இறங்கும்போது தரை கொஞ்சம் உள்வாங்கணும், ஆனால் பந்து செத்துப்போகக் கூடாது. சிமெண்டில் எவ்வளவு எழும்புமோ அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்தத் தரையிலும் எழும்பணும். சிமெண்ட் கோர்ட்டில் பத்து வருடம் ஆடின எங்கள் செட்டில் முட்டி நன்றாக இருக்கிறவன் எவனும் இல்லை. நான் உள்பட.

இந்த மரத்துக்கு ஜென்ம விரோதி ஈரக்காற்று. மேப்பிள் பலகை போடுகிறவர்கள் அறையின் ஈரப்பதம் 35-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கணும் என்பார்கள். நம் கடலோரத்தில் வருடத்தில் பாதி நாள் எழுபதைத் தாண்டும். ஆக ஏ.சி. என்பது இங்கே பார்வையாளருக்கு மட்டும் இல்லை, பலகைக்கும் வேண்டும். ஆட்டம் இல்லாத நாளிலும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கணும். கட்டும்போது யாரும் இந்தக் கரண்டு பில்லைக் கணக்கில் எழுதுவதில்லை.

பெயர் வேண்டாம், நகரத்தில் ஒரு கல்லூரி உள்ளரங்கம். அழகான மரத்தளம், திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்லூரி விழாவுக்கு நாங்கள் சவுண்ட் போட்டோம். நிகழ்ச்சி முடிந்ததும் சிக்கனம் என்று ஏ.சி.யை நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க மழை. பத்து நாள் கழித்து விட்டுப்போன கேபிளை எடுக்கப் போனேன். பலகை ஒவ்வொன்றும் ஓரம் தூக்கி, நடு குழிந்து, ஓட்டை மல்லாத்திப் போட்டமாதிரி கிடந்தது. உடற்கல்வி மாஸ்டர் அதன் மேல் வெறுங்காலோடு நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கம்பம் வச்ச எடம் வேற, அது தனியா உள்ள எறங்கி இருக்கு பாருங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

அந்தக் கம்பம் ஏன் தரையில் வந்தது என்பதுதான் கூரையின் கதை. அமெரிக்க அரங்கங்களில் கச்சேரிக் குழு வந்தால் கூரை உத்திரத்தில் சங்கிலி மோட்டார் மாட்டி ஸ்பீக்கர், விளக்கு, திரை எல்லாவற்றையும் மேலே தூக்கிவிடும். ஒரு புள்ளியில் ஒரு டன், இரண்டு டன் என்று கணக்குப் போட்டு, எந்தப் புள்ளி எவ்வளவு தாங்கும் என்ற வரைபடமும் தருவார்கள். பெரிய கச்சேரியின் மொத்த எடை 50 டன்னை எளிதாகத் தாண்டும். நம் ஊர் உள்ளரங்கங்களில் பெரும்பாலும் கூரை தன்னையும் காற்றையும் தாங்கினால் போதும் என்று வடிவமைக்கப்படுகிறது. வேறு வழியில்லாமல் நாங்கள் தரையிலிருந்து அலுமினியக் கோபுரம் எழுப்புகிறோம். கிரவுண்ட் சப்போர்ட் என்போம். நாலு கால், ஒவ்வொரு காலிலும் டன் கணக்கில் எடை, எல்லாம் ஒரு சின்னத் தகட்டின் வழியாக மரத்தளத்தில் இறங்குகிறது. ஆக, கூரையில் இரும்பை மிச்சம் பிடித்தால் அந்தச் செலவு தரையில் வந்து விடியும். நான் பார்த்தவரையில் விளையாட்டுக்கும் கச்சேரிக்கும் சேர்த்துக் கட்டின அரங்கம் கெட்டுப்போகிற வழி இதுதான், வேறு எதுவும் இதற்கு அடுத்துத்தான்.

கூரைக்கு இங்கே காற்றுக் கணக்கும் உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 வர்தா புயலில் மரம் விழுந்த ஊர் இது. கடலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். காசிமேட்டில் சைக்கிள் வைத்திருக்கிறவனைக் கேள். துத்தநாகப் பூச்சும் அதன் மேல் பெயிண்டும் இல்லாத உத்திரத்தில் பத்து வருடம் கழித்து இரண்டு டன் ஸ்பீக்கரைத் தொங்கவிட நான் ஏற மாட்டேன். 1978 ஜனவரியில் ஹார்ட்ஃபோர்டு நகர அரங்கத்தின் கூரை பனிப்பாரத்தில் மொத்தமாக இடிந்து விழுந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டத்தை அங்கே சுமார் 5,000 பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பனி நமக்கில்லை என்று சிரிக்க வேண்டாம், நமக்குத் துரு இருக்கிறது.

அடுத்தது ஒலி. இதில் நான் கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கொள். அரங்க ஒலியியல் என்ற படிப்பே ஒரு பல்கலைக்கழக அறையில் பிறந்ததுதான். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு அறையில் பேராசிரியர் பேசினால் ஒன்றும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரி தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தையைத் திருப்பி வைக்கணும். அப்படி வந்த சூத்திரம் இன்றும் நம் கையில் இருக்கிறது: அறையின் கனஅளவை 0.161-ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம்.

நீயே போட்டுப் பார். 60 மீட்டர் நீளம், 45 அகலம், 15 உயரம். கனஅளவு 40,500. தரை, கூரை, சுவர் சேர்த்துப் பரப்பு 8,550 சதுர மீட்டர். தகரக் கூரை, சிமெண்ட் சுவர், காலி கேலரி என்றால் சராசரி உறிஞ்சல் நூற்றில் எட்டுதான் என்று வைத்துக்கொள். பரப்பில் அந்த எட்டு சதவீதம்தான் மொத்த உறிஞ்சல், அதால் வகுத்தால் எதிரொலி அடங்க ஒன்பதரை விநாடி ஆகும். பாடகர் அடுத்த வரிக்குப் போயிருப்பார், முந்தின வரி இன்னும் கூரையில் சுற்றிக்கொண்டிருக்கும். கூரையின் அடிப்பக்கம் கண்ணாடிப் பஞ்சும் (கிளாஸ் வூல்) துளைபோட்ட தகடும் வைத்து, சுவரிலும் ஒட்டி, சராசரியை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு விநாடிச் சொச்சம். அதில் வேலை செய்யலாம். ஆனால் பஞ்சு மேல்ஸ்தாயியைத்தான் லபக்கென்று விழுங்கும். பேஸ் என்கிற கனத்த அடி ஒலியை விழுங்க வைக்கக் கனமான பஞ்சும் பின்னால் காற்று இடைவெளியும் வேண்டும். நம் ஆட்களின் இசையோ முழுக்க அடியில் இருக்கிறது. பறை, டோலக், கானாவுக்குத் தட்டும் தாளம், சினிமாப் பாட்டின் பேஸ். அரங்கம் சரியில்லை என்றால் எல்லாம் ஒரே கும்மென்று கேட்கும், அப்புறம் "சவுண்டுக்காரன் சரியில்லை" என்று எங்களைத் திட்டுவார்கள்.

வெளியே போகும் சத்தமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்குள் வைக்கலாம். மூடிய அரங்கத்துக்கு இது பெரிய சலுகை, மைதானத்துக்காரர்களுக்கு இல்லாதது. ஆனால் குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். ஒற்றைத் தகரக் கூரை பேஸை நிறுத்தாது. தண்டையார்பேட்டையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் கை நீட்டும் தூரம்தான். இரட்டைக் கூரை போடாவிட்டால் மூன்றாவது கச்சேரியில் பக்கத்துத் தெரு அக்காக்கள் வாசலில் வந்து நிற்பார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

ஏன் 4,500 என்றேன்? விளையாட்டிலிருந்து அளந்து வந்த எண் அது. ஆடுதளத்தை 45-க்கு 27 மீட்டர் என்று வை. ஹேண்ட்பாலுக்கும் ஃபுட்சல் என்கிற உள்ளரங்கக் கால்பந்துக்கும் 40-க்கு 20 வேண்டும், அடங்கிவிடும். கூடைப்பந்துக்கு 28-க்கு 15, நடுவில் போடலாம். வாலிபால் கோர்ட் 18-க்கு 9, சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24-க்கு 15. குறுக்கே போட்டால் மூன்று கோர்ட் பக்கம் பக்கமாக உட்காரும், மூன்று கல்லூரி ஒரே நேரத்தில் பயிற்சி எடுக்கலாம். கபடி மேட் 13-க்கு 10, அது எங்கேயும் விரியும். இரண்டு பக்கமும் இழுத்தால் நீள்கிற, தள்ளினால் சுவரோடு மடிகிற கேலரி, மேலே நிலையான கேலரி, மொத்தம் 3,000 இருக்கை. கச்சேரி அன்று ஒரு முனையில் 15 மீட்டருக்கு மேடை. மிச்சத் தளம் 800 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று நிதானமாக நிறுத்தினால் 1,600. கூட்டிக்கொள், 4,600, அதைத்தான் சுமாராக 4,500 என்றேன். 8,000 பேருக்கு ஏற்கெனவே பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்த இடம். வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் எவ்வளவு நேரம்? அதே அளவில் இன்னொன்று கட்டினால் இரண்டும் பாதி காலியாகக் கிடக்கும். மணிலாவில் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் தன் 400-ஆவது ஆண்டு நினைவாகக் கட்டியது 5,000 சொச்சம் பேருக்கான அரங்கம்தான். நம்மைப் போலவே புழுக்கமும் வெள்ளமும் உள்ள ஊர். பார்த்துப் படிக்க அதுவே பொருத்தம்.

உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெரிய பேட்மின்டன் போட்டிக்கு 12 மீட்டர், உலக அளவு வாலிபாலுக்கு 12.5 மீட்டர் தடையில்லாமல் வேண்டும். பேட்மின்டனில் இன்னொரு தொல்லை, இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம் சுமார். ஏ.சி. காற்று குறுக்கே அடித்தால் ஆட்டமே மாறிப்போகும். கூரையிலிருந்து வேகமாக ஊதும் குழாய் வைத்தால் ஆட்ட நேரத்தில் ஏ.சி.யை அணைப்பார்கள், அணைத்தால் பலகைக்கு ஆகாது. இருக்கைக்கு அடியிலிருந்து மெதுவாகக் காற்று விடுகிற முறைதான் இதற்குச் சரி.

நம் பகுதியின் சொந்த ஆட்டங்களுக்கு இவ்வளவு பெரிய கூரை வேண்டியதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேரம் ஒரு அறையில் நடக்கும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பை கேரத்தில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இந்த வடசென்னைப் பெண்தான். கேரத்துக்கு வேண்டியது ஈரமில்லாத அறை, ஈரம் ஏறினால் பவுடர் கட்டிக்கொண்டு காய் ஓடாது. குத்துச்சண்டைக்கு 6.1 மீட்டர் ரிங் ஒன்றும் நாலு மூட்டையும். ஆகவே பெரிய அரங்கத்தின் கேலரிக்கு அடியில் வீணாகிற சாய்வு இடத்தை அறை அறையாகத் தடுத்துக் கேரம், குத்துச்சண்டை, பளுதூக்குதல் மூன்றுக்கும் கொடுத்தால், பெரிய கதவு திறக்காத நாளிலும் கட்டடம் உயிரோடு இருக்கும். நான் கட்டினால் இந்த அறைகளைத்தான் முதலில் திறப்பேன்.

இப்போது அந்தக் காகிதம். ஒரு பெரிய கச்சேரி என்றால் ஒரு ராத்திரி விஷயம் என்று நினைக்காதே. முதல் நாள் தரையை மூடி மேடை ஏற்றணும், அடுத்த நாள் நிகழ்ச்சி, மூன்றாம் நாள் இறக்கி, துடைத்து, கோர்ட்டைத் திரும்ப விரிக்கணும். கழற்றி மாட்டும் கோர்ட் என்றால் நாலுக்கு எட்டு அடிப் பலகையாக 120-க்கு 60 அடிக்கு 225 பலகை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் கனம், பலகையின் எண் மாறினால் பொருந்தாது. ஆக ஒரு கச்சேரிக்கு மூன்று நாள். வருடம் 40 கச்சேரி என்றால் 120 நாள். அதன்மேல் பட்டமளிப்பு விழா, நுழைவுத்தேர்வு, அமைச்சர் நிகழ்ச்சி, தேர்தல் வந்தால் வாக்கு எண்ணிக்கை (லயோலா கல்லூரியும் ராணிமேரி கல்லூரியும் அந்த நாட்களில் எப்படிப் பூட்டப்படுகின்றன என்று பார்த்திருப்பாய்). பயிற்சிக்கு மிஞ்சுவது எது? கச்சேரி பணம் தரும், பயிற்சி தராது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு தேதியாக, "இந்த ஒரு தடவை" என்று போகும். அதனால், கச்சேரி வருடத்துக்கு 20-க்கு மேல் கூடாது, தேர்வு முடிந்த மாதங்களிலும் வார இறுதியிலும் மட்டும், தினமும் காலை 6 முதல் 9 வரை பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல், இதை மாற்றப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு கூடினால்தான் முடியும் என்று நிலம் ஒதுக்கும் ஆணையிலேயே எழுதி வாங்கணும். அப்புறம் கேட்டால் கிடைக்காது.

வெளியேறும் வழிக்கு வருவோம். 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த இசை நிகழ்ச்சிக்குப் போனவர்கள், டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் நசுங்கித் திரும்பினவர்கள், நம் தெருவிலேயே இருப்பார்கள். பிரிட்டிஷ் விளையாட்டரங்கப் பாதுகாப்புக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு: சமதரையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடம் 82 பேர், படிக்கட்டில் 66 பேர், எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே. ஒரு மாடி உயரத்தில் தளம் என்று நானே சொன்னதால் படிக்கட்டுக் கணக்குத்தான் பொருந்தும். 4,600 பேருக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலப் படி. ஒரு பக்கம் அடைபட்டால் என்று நினைத்து நாலு மூலையிலும் மூன்று மூன்று மீட்டர். தெருவில் இறங்கினதும் கூட்டம் சிதற மைதானம் வேண்டும். வாசலிலேயே ஷேர் ஆட்டோ நின்றால் அந்தப் படிக்கட்டெல்லாம் வீண்.

எங்கே கட்டலாம்? தலைமையகமே வடக்கில் உள்ள பல்கலைக்கழகம் என்று பார்த்தால் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். இடமும் உண்டு, இரண்டாம் கட்ட மெட்ரோ கிளம்பும் இடமும் அதுதான், 2018-இல் திறந்த ஆந்திர பஸ் நிலையமும் பக்கம். ஆனால் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ராத்திரி பேஸ் ஸ்பீக்கர் வைத்தால் மறுநாள் பால் கறக்குமா என்று அவர்களே கேட்பார்கள், கேட்கிற தகுதியும் அவர்களுக்கு இருக்கிறது. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் மெரினா ஓரம் இருந்தாலும் அதன் கல்லூரிகள் இங்கே உண்டு: பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி, உங்கள் வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசுக் கலைக்கல்லூரி, பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி. இவற்றுக்குப் பொதுவாக ஒன்று, 2021-இல் திறந்த விம்கோ நகர் மெட்ரோ பாதைக்கு நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தால் அதுதான் என் தேர்வு. நாலு பெட்டி ரயில் ஒன்றில் நெருக்கி 1,200 பேர் ஏறலாம். 4,600-இல் பாதிப்பேர் ரயிலுக்கு வந்தால் இரண்டு ரயில். கடைசி ரயில் இரவு 11 வாக்கில் என்பதால் நிகழ்ச்சியைப் பத்தே காலுக்கு முடிக்கணும். பாடகர்கள் முணுமுணுப்பார்கள், பழகிக்கொள்வார்கள்.

கேள்விக்குக் கீழே நீ இன்னொரு வரி சேர்த்திருந்தாய்: "கட்டினால் அங்கே கானா கச்சேரி வைக்க விடுவார்களா, இல்லை வெளியூர்ப் பாடகர்களுக்கு மட்டும்தானா?" வாடகைப் பட்டியலைப் பொறுத்தது அது. முழு அரங்கத்துக்கு ஒரே வாடகை என்று வைத்தால் பெரிய கம்பெனிகள்தான் எடுக்கும். பாதி அரங்கம் என்று திரை போட்டுப் பிரித்து, 1,200 பேருக்கு ஒரு வாடகை, அரங்கத்திலேயே நிரந்தரமாகத் தொங்கும் ஒரு ஸ்பீக்கர் செட், இருபது விளக்கு, வாடகைக்குள் அடக்கம் என்று வைத்தால் தெருமுனையில் பந்தல் போட்டுப் பாடுகிற குழுவும் எடுக்கும். எங்களை மாதிரி ஆட்களுக்கு அதில் ஒரு நாள் வேலை குறையும், பரவாயில்லை. மிக்ஸர் போர்டை மட்டும் வந்து தொட விடச் சொல், அந்த ஹாலில் முதல் சவுண்ட் செக் நான் செய்கிறேன்.